நூறு வயது ஆகாத வீடு

ஒரு கட்டடம் தொன்மையானது என்று மத்திய அரசின் சட்டம் ஒப்புக்கொள்ள வேண்டுமானால் அதற்குக் குறைந்தது நூறு வயதாகியிருக்க வேண்டும். தொன்மைச் சின்னங்களையும் தொல்லியல் இடங்களையும் பாதுகாக்க 1958-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின் வரையறை இது. மைசூரு நகரின் யாதவகிரியில் எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் கட்டிய செங்கல் வீடு 1952-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. எனவே, அந்தச் சட்டத்தின் கண்ணில் படுவதற்கான முதல் தகுதியே அவ்வீட்டுக்கு 2052-இல்தான் கிடைக்கும். கடப்பாரையோ 2011-லேயே வந்துவிட்டது.

அந்த ஆண்டு நடந்தது பலருக்கு நினைவிருக்கலாம். வீடும் மனையும் கட்டுமானத் தொழிலில் உள்ளவர்களின் கைக்குப் போயின. பழைய வீட்டை அகற்றிவிட்டு அடுக்குமாடிக் குடியிருப்பு எழுப்புவது திட்டம். இடிக்கும் வேலை தொடங்கிய பிறகே செய்தி வெளியே வந்தது. பத்திரிகைகள் எழுதின; மைசூரு நகர மக்களில் ஒரு பகுதியினர் குரல் கொடுத்தனர்; நகர நிர்வாகம் தலையிட்டு வேலையை நிறுத்தியது. பின்னர் பொதுப் பணத்தைக் கொண்டு வீட்டை விலைக்கு வாங்கி, பழுதுபார்த்து, 2016-ஆம் ஆண்டு அருங்காட்சியகமாகத் திறந்தனர். பார்வையாளர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை.

இது மகிழ்ச்சியான முடிவுதான். ஆனால், இந்த முடிவுக்குக் காரணம் சட்டம் அன்று, தற்செயல். அன்றைக்கு ஒரு செய்தியாளரின் கண்ணில் அது படாமல் போயிருந்தால், இன்று அந்த இடத்தில் நான்கு மாடியும் வாகன நிறுத்துமிடமும் இருந்திருக்கும். நாட்டின் நகர்ப்புற விரிவாக்கப் பகுதிகளில் இப்படித் தற்செயல் கைகொடுக்காத வீடுகள் எத்தனையோ இடிந்து போயின. அவற்றுக்குப் பட்டியல்கூட இல்லை என்பதுதான் கவலைக்குரியது.

யாதவகிரி வீட்டில் அப்படி என்ன இருக்கிறது என்ற கேள்வி அப்போதே எழுந்தது. கேள்வி நியாயமானது. அது அரண்மனை அன்று. மைசூரில் அரண்மனைகளுக்குக் குறைவில்லை. சிற்பமோ, கல்தூணோ, வேலைப்பாடு மிகுந்த மரச் சட்டமோ அங்கு இல்லை. மாடியுடன் கூடிய வெள்ளையடித்த வீடு. அரைவட்டமாக முன்னே புடைத்து நிற்கும் முகப்பு. சிவப்புக் காவித் தரை. சுற்றிலும் கொஞ்சம் தோட்டம். ஐம்பதுகளில் தென்னிந்திய நகரங்களின் ஓரத்தில் வக்கீல்களும் பொறியாளர்களும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்களும் கட்டிக்கொண்ட வீடுகளின் சாயல்தான் அதற்கும். கலைநயத்தை மட்டும் அளவுகோலாக வைத்துப் பார்க்கும் வல்லுநர் அதைக் கடந்து போய்விடுவார்.

அந்தச் சாதாரணத் தோற்றத்துக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. மைசூரு சமஸ்தானத்தில் 1903-ஆம் ஆண்டே நகர மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டது. சாலை போட்டு, சாக்கடை அமைத்து, மனை பிரித்து விற்று, நகரைத் திட்டமிட்டு விரிவாக்கும் வேலை அதனுடையது. சுவரோடு சுவர் ஒட்டிய தெரு வீடுகளில் கூட்டுக் குடும்பமாக வாழ்ந்து பழகிய நடுத்தர வர்க்கம், நான்கு புறமும் இடம் விட்டு, சுற்றுச்சுவர் எழுப்பி, வாசலில் செடி வைத்துத் தனித்து வாழக் கற்றுக்கொண்டது இத்தகைய மனைப் பிரிவுகளில்தான். ஒரு சமூகம் எப்படி இடம் மாறியது, வீட்டுக்குள் தனி அறை என்ற எண்ணம் எப்போது வந்தது என்பதையெல்லாம் அறிய வேண்டுமானால் அரண்மனைக்குப் போய்ப் பயனில்லை. இந்த மாதிரி வீடுகளுக்குத்தான் போக வேண்டும்.

நாராயண் சென்னை புரசைவாக்கத்தில் 1906-இல் பிறந்து, பாட்டி வீட்டில் வளர்ந்தவர். தந்தை மைசூரில் தலைமையாசிரியர். குடும்பம் அங்கே லட்சுமிபுரத்தில் வாடகை வீட்டில் இருந்தது. 1935-இல் முதல் நாவல் வெளிவந்தபோதும், 1939-இல் மனைவி ராஜம் டைபாய்டு காய்ச்சலில் மறைந்தபோதும் அவருக்குச் சொந்த வீடு கிடையாது. நாற்பதுகளின் பிற்பகுதியில் யாதவகிரியில் மனை வாங்கி வீடு கட்டத் தொடங்கினார். யாதவகிரி அப்போது ஊரின் விளிம்பு. உலகப் போர் முடிந்த அந்த ஆண்டுகளில் சிமென்டும் இரும்பும் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தன. வீடு கட்டுவது எளிதாக இருக்கவில்லை. எழுதியே பிழைப்பது என்று முடிவு செய்து, வேறு வேலைக்குப் போகாமல், அந்த வருமானத்தில் ஓர் இந்திய எழுத்தாளர் வீடு கட்டினார் என்பதே அந்தக் காலத்தில் அரிய செய்தி. இன்றும் அது அத்தனை சாதாரணமாகிவிடவில்லை.

எழுதுவதற்கென்று மாடியில் எட்டு ஜன்னல்கள் கொண்ட அறையொன்றை அவர் அமைத்துக்கொண்டார். தெற்கே சாமுண்டி மலைக் கோயில், கிழக்கே நகரத்தின் கோபுரங்களும் குவிமாடங்களும், சுற்றிலும் மாடுகள் மேயும் வெளி, தொலைவில் ரயில் வண்டி. இத்தனையும் தெரியும் அறையில் உட்கார்ந்தால் எழுத்து ஓடும் என்று நினைத்தவருக்கு நேர்மாறாக நடந்தது. வேடிக்கை பார்ப்பதிலேயே பொழுது போயிற்று. கடைசியில் கனமான திரையைத் தொங்கவிட்டு, எதிர்ச்சுவரை மட்டும் பார்த்தபடி நாளொன்றுக்கு ஆயிரம் சொல் என்று எழுதி முடித்ததாக அவரே பதிவு செய்திருக்கிறார். குடும்பம் பழைய வீட்டைவிட்டு வர மனமில்லாமல் இருந்ததால், பகலில் இங்கே வந்து எழுதுவதும் பிறகு லட்சுமிபுரம் திரும்புவதுமாகச் சில காலம் கழிந்தது.

மால்குடி என்ற ஊர் எந்த வரைபடத்திலும் இல்லை. அதைத் தேடி வருகிறவர்களுக்குக் காட்ட நம்மிடம் உள்ளவை சொற்பம். அவரது கதைகளைச் சங்கர் நாக் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது காட்சிகள் படமான அரசாளு ரயில் நிலையத்தை ரயில்வே துறை 2020-இல் மால்குடி அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறது. படப்பிடிப்பு நடந்த இடத்துக்குக் கிடைத்த மதிப்பு, எழுத்து நடந்த இடத்துக்கு நூலிழையில்தான் கிடைத்தது.

நாடாளுமன்றத்தைக் கவனிக்கும் செய்தியாளனுக்கு இந்த வீட்டின் மீது இன்னொரு அக்கறையும் உண்டு. 1986 முதல் 1992 வரை நாராயண் மாநிலங்களவையின் நியமன உறுப்பினர். அந்தப் பதவிக் காலத்தின் முற்பகுதியில் அவரது சொந்த ஊரும் வீடும் இவைதாம். முதல் மூன்றாண்டுகள் அவையில் அவர் குரல் ஒலிக்கவில்லை. 1989-இல் எழுந்து தமது முதல் உரையை ஆற்றினார். அமைச்சரவை மாற்றத்தையோ, அன்று தலைநகரை உலுக்கிக்கொண்டிருந்த ஊழல் புகாரையோ அவர் தொடவில்லை. பள்ளிக்கூடப் பையின் சுமையைப் பற்றிப் பேசினார். முதுகு வளைந்து, கை முன்னே தொங்க, குழந்தைகள் மனிதக் குரங்கைப் போல நடக்கப் பழகிவிட்டார்கள் என்பது அவரது வருத்தம். அந்தப் பேச்சு கிளப்பிய விவாதத்தின் தொடர்ச்சியில்தான் 1992-இல் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. மறு ஆண்டே அறிக்கையும் வந்தது. நியமன உறுப்பினர்கள் அவையில் என்ன கிழித்தார்கள் என்று அவ்வப்போது கேட்கப்படும் கேள்விக்கு விடையாகக் காட்டப்படும் சில உரைகளில் அதுவும் ஒன்று.

அந்த உரை நிகழ்த்தப்பட்ட கட்டடத்துக்கு எந்தக் குறையும் இல்லை. 1927-இல் திறக்கப்பட்ட பழைய நாடாளுமன்ற மாளிகையிலிருந்து 2023 செப்டம்பரில் இரு அவைகளும் புதிய கட்டடத்துக்கு மாறிய பிறகும், அரசியல் சாசன இல்லம் என்று பொருள்படும் பெயருடன் அது கம்பீரமாக நிற்கிறது. சுற்றியுள்ள லட்யன்ஸ் பங்களாக்களும் அப்படியே. அவையும் அடிப்படையில் செங்கல் வீடுகள்தாம். மேலே சுண்ணம் பூசி வெள்ளையடித்தவை. 1988-இல் அந்தப் பகுதிக்கென எல்லை வகுத்துக் கட்டுப்பாடுகள் கொண்டுவரப்பட்டன. ஏக்கர் கணக்கில் தோட்டம், மரநிழல், காவல். பெரும்பகுதிக்கு அரசே உரிமையாளர். அதனால் பாதுகாப்பது சுலபம். தலைவர் ஒருவர் வாழ்ந்து மறைந்த அரசு பங்களாவை நினைவகமாக்கும் வழக்கம் ஒரு கட்டத்தில் அளவு மீறியதால், இனி அப்படி மாற்றுவதில்லை என்று மத்திய அமைச்சரவை 2014-இல் தீர்மானிக்க வேண்டி வந்தது. அரசு கொடுத்த வீட்டில் இருந்தவர்களுக்கு நினைவகம் ஏராளம். தன் காசில் வீடு கட்டிக்கொண்டவர்களின் வீடு நகராட்சியின் இடிப்பு அனுமதிக்குக் காத்திருக்கிறது.

யாதவகிரி வீட்டைப் பொதுப் பணத்தில் காப்பாற்றுவதற்கு எதிர்ப்பும் இருந்தது. கன்னட எழுத்தாளர்கள் சிலர், கன்னடத்தில் எழுதாத ஒருவருக்குக் கர்நாடகத்தின் பணத்தைச் செலவிடுவானேன் என்று கேட்டனர். தமிழ்ப் பத்திரிகையில் எழுதும் ஒருவன் இதற்குக் கோபப்படுவது எளிது. அதில் பொருளில்லை. அவர்களுடைய மனக்குறையின் மறுபாதி உண்மையானது: கன்னடத்தின் பெரும் படைப்பாளிகளில் எத்தனை பேருடைய வீடுகள் இன்று நிற்கின்றன? அதற்கான பதில், இந்த வீட்டையும் விட்டுவிடுவதாக இருக்க முடியாது. வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரு நகரத்தில் கழித்து, அந்த நகரத்தின் நடையையும் பேச்சையும் உலகம் படிக்கும்படி எழுதியவர் அந்த நகரத்தைச் சேர்ந்தவரே. அவர் வீட்டில் தமிழ் பேசினாரா, ஆங்கிலத்தில் எழுதினாரா என்பதைச் செங்கல் அறியாது.

இன்னொரு தரப்பினர் விற்றவர்களைக் குறை சொன்னார்கள். அதுவும் நியாயமன்று. நாராயண் உடல்நலம் கருதி 1990-களின் தொடக்கத்தில் சென்னைக்குப் போய்விட்டார். 2001 மே மாதம் தம் 94-ஆவது வயதில் அங்கேயே காலமானார். ஒரு காலத்தில் மாடு மேய்ந்த வெளியின் மதிப்பு கோடிகளுக்கு உயர்ந்துவிட்டது. பாழடையும் வீட்டைப் பராமரிக்கும் செலவும் வாரிசுகளுக்கு. விற்றால் வரும் பழியும் வாரிசுகளுக்கு என்பது என்ன நீதி? ஒரு வீடு நாட்டுக்கு வேண்டும் என்றால் அதற்கான விலையை நாடு தர வேண்டும். மைசூரு நிர்வாகம் கடைசியில் செய்தது அதைத்தான். ஆனால் இடிப்பு தொடங்கி, சர்ச்சையாகி, விலையும் ஏறிய பிறகு செய்தது.

சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். அரசமைப்புச் சட்டத்தின் 49-ஆவது பிரிவு, தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என நாடாளுமன்றம் அறிவித்த சின்னங்களையும் இடங்களையும் காக்கும் கடமையை அரசின் மீது சுமத்துகிறது. 1976-இல் சேர்க்கப்பட்ட 51-ஏ பிரிவோ, நமது கூட்டுப் பண்பாட்டின் வளமான மரபைப் போற்றிப் பேணுவது குடிமக்களின் கடமை என்கிறது. அதிகாரம் மூன்று பட்டியல்களிலும் சிதறிக் கிடக்கிறது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை மத்திய அரசிடம், மற்றவை மாநிலங்களிடம், தொல்லியல் இடங்களில் ஒரு பகுதி பொதுப்பட்டியலில். நடைமுறையில் மத்திய அரசின் பாதுகாப்பில் இருப்பவை 3,600-க்கும் மேற்பட்ட சின்னங்கள். கோயில், கோட்டை, கல்லறை, குடைவரை, கல்வெட்டு ஆகியவையே அவற்றில் மிகுதி. மாநிலச் சட்டங்கள் பெரும்பாலும் இதே அச்சில் வார்க்கப்பட்டவை. நேற்றுவரை ஒரு குடும்பம் வாழ்ந்த வீடு இந்த வரிசையில் எங்கே உட்காரும்?

அந்த வரிசையில் உட்கார்ந்தவற்றின் கதியும் சிறப்பாக இல்லை. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2013-ஆம் ஆண்டு அறிக்கைக்காக 1,655 சின்னங்களை நேரில் போய்ப் பார்த்தபோது 92 சின்னங்களைக் காணவில்லை. காணாமல் போனவை பற்றி நாடாளுமன்ற நிலைக்குழுவும் பின்னர் தனி அறிக்கை தந்தது. சில நகர விரிவாக்கத்தில் கரைந்திருந்தன; சில அணைநீரில் மூழ்கியிருந்தன; மற்றும் சில எங்கே இருந்தன என்றே தெரியவில்லை. 2024-இல் 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்து நீக்கும் நடவடிக்கையை அரசு மேற்கொண்டது. அவற்றுள் ஒன்று அரியானாவில் முகலாயர் காலத்துச் சாலையோரத் தூண். முந்நூறு, நானூறு ஆண்டுகள் நின்ற சாலைத் தூணே தொழிற்பேட்டைக்கு நடுவில் தொலைந்துபோகும் என்றால், எழுபது ஆண்டு வீட்டுக்கு யார் பொறுப்பு?

ஆகவே, நூறு வயது என்பதை ஐம்பதாகக் குறைத்துவிட்டால் போதும் என்று சிலர் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிகாரின் மோதிஹாரியில், அபினித் துறை அதிகாரியின் மகனாக ஜார்ஜ் ஆர்வெல் 1903-இல் பிறந்த வீட்டுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. பின்னாளில் மாநில அரசு அதைப் பழுதுபார்த்தது என்றாலும், அதற்கு முன் பல பத்தாண்டுகள் கேட்பாரற்று இடிபாடாகக் கிடந்த வீடு அது. வயது ஒரு வீட்டைக் காப்பாற்றுவதில்லை. மத்திய சட்டத்தைத் தளர்த்தினால் வேறொரு சிக்கலும் வரும். 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதிய கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடு. குடியிருப்புப் பகுதி நடுவில் உள்ள ஒரு வீட்டுக்கு இதைப் பொருத்தினால் தெருவே முடங்கிப்போகும். அண்டை வீட்டார் அனைவரும் அந்த வீட்டின் எதிரிகளாவர்.

வழி வேறிடத்தில் இருக்கிறது. 1995-இல் மும்பை நகரம் தன் கட்டட விதிகளுக்குள்ளேயே பாரம்பரியக் கட்டடங்களுக்கு இடம் செய்தது. தனியார் கட்டடங்களும் தரம் பிரித்துப் பட்டியலிடப்பட்டன. பட்டியலில் உள்ள கட்டடத்தை இடிக்கவோ மாற்றவோ வேண்டுமானால், முதலில் வல்லுநர் குழுவின் கருத்தைப் பெற வேண்டும். உரிமையாளர் தன் மனையில் கட்ட முடியாமல் போகும் பரப்பளவுக்கான உரிமையை வேறிடத்தில் பயன்படுத்தவோ விற்கவோ வழி உண்டு. தில்லி, ஹைதராபாத் போன்ற நகரங்களும் தத்தம் முறையில் விதிகள் வகுத்தன. மத்திய நகர்ப்புற அமைச்சகத்தின் 2016-ஆம் ஆண்டு மாதிரிக் கட்டட விதிகளிலும் இதற்கென ஓர் அத்தியாயம் இருக்கிறது. மாதிரி என்பதால் கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்பதால் பல ஊர்களில் அது காகிதத்தில் உறங்குகிறது. மும்பையிலும் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. தரத்தைக் குறைத்துக்கொள்ளவும் பட்டியலிலிருந்து விடுபடவும் நடக்கும் இழுபறி ஓய்வதில்லை. இருந்தாலும், கடப்பாரைக்கு முன்னே ஒரு கோப்பு குறுக்கே வருகிறது. யாதவகிரியில் குறுக்கே வந்தது ஒரு செய்தி மட்டுமே.

நாடாளுமன்றம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. நகரங்களின் வளர்ச்சித் திட்டங்களுக்கு மத்திய அரசு கோடிக்கணக்கில் நிதி தருகிறது. அந்த நிதியைப் பெறும் ஒவ்வொரு மாநகராட்சியும் பாரம்பரிய வீடுகளின் பட்டியலை வெளியிட வேண்டும், பட்டியலில் உள்ள வீட்டை விற்கும் முன் அரசுக்கு முதல் வாய்ப்பு தர வேண்டும், வீட்டில் தொடர்ந்து வசிப்பவருக்குச் சொத்து வரியில் சலுகை தர வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம். சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. மானியக் கோரிக்கை மீதான விவாதத்தில் யாராவது எழுந்து கேட்டால் போதும். பண்பாட்டுத் துறையின் மானியக் கோரிக்கை அவையில் விரிவாக விவாதிக்கப்படுவது அரிது. பல ஆண்டுகளில் அது மற்றவற்றோடு சேர்த்து விவாதமின்றியே நிறைவேறிவிடுகிறது.

வீட்டை நிறுத்தி வைப்பதும் நினைவகம் எழுப்புவதும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தில்லி அலிப்பூர் சாலையில் டாக்டர் அம்பேத்கர் 1956 டிசம்பர் 6-ஆம் தேதி காலமான இடத்தில், 2018-இல் தேசிய நினைவகம் திறக்கப்பட்டது. விரித்த புத்தக வடிவில் அழகிய கட்டடம். ஆனால் அவர் படித்த அறையும் எழுதிய மேசைக்கு மேலிருந்த கூரையும் எப்படியிருந்தன என்பதை அந்தப் புதிய கட்டடம் சொல்லாது. சென்னை திருவல்லிக்கேணியில் பாரதியார் வாடகைக்கு இருந்த வீட்டைத் தமிழக அரசு 1993-இல் தன்வசமாக்கி நினைவில்லமாக்கியபோது, தெருவையும் கோயிலையும் ஒட்டிய அந்த வீட்டின் அமைப்பே பாதி வரலாற்றைச் சொல்லிவிடுகிறது. யாதவகிரியிலும் அதிருஷ்டவசமாக வீடே மிஞ்சியது.

மிஞ்சிய வீட்டுக்குள் வைப்பதற்குப் பொருள்கள் இன்னும் வேண்டும். நாராயணின் கையெழுத்துப் படிகளிலும் கடிதங்களிலும் ஒரு பகுதி அமெரிக்காவில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மூலத்தைத் திருப்பித் தரும்படி கேட்க முடியாது; அவை முறைப்படி போய்ச் சேர்ந்தவை. எண்ணிம நகல்களைக் கேட்கலாம். மாநிலங்களவைச் செயலகத்திடம் 1989-ஆம் ஆண்டு உரையின் அதிகாரபூர்வப் பதிவு இருக்கிறது. அதன் படியைச் சுவரில் மாட்டுவதற்குக் காசு செலவில்லை. இரண்டுக்கும் மைசூரு மாநகராட்சி ஆளுக்கொரு கடிதம் எழுத வேண்டும்.